யார் சாயல்? தோற்றத்தைத் தாண்டிய மதிப்பை வேதத்தில் தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அண்மையில் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கும், சிறு வயதிலிருந்தே ஆலயத்துக்குப் போய்வந்தும் வேதத்தைத் தாமாகத் திறந்து பார்க்காதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வடசென்னையின் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை ஆகிய பகுதிகளில் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கும் ஊழியத்தைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கடன், குடி, நோய் என்று பல பாரங்களோடு வருகிறார்கள். அவற்றைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, மூன்றாவது நான்காவது சந்திப்பில், பெரும்பாலும் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு கேள்வி மெதுவாக வெளியே வரும். "அக்கா, என் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் புடிக்காது, சாமிக்கு மட்டும் எப்படிப் புடிக்கும்?"

இந்தக் கேள்விக்கு நம் சபைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் "நீயும் அழகுதாம்மா" என்பது. அன்போடு சொல்லப்படும் பதில்தான் என்றாலும் அது உதவுவதில்லை. அழகு என்ற அதே அளவுகோலை வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுகிற பதில் அது. கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்ததும் அந்த மதிப்பெண் மறுபடியும் குறைந்துவிடும். வேதம் சொல்வது வேறு. நம் மதிப்பை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. அதைப் படிப்படியாக எப்படி வாசித்துப் பழகலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு, நாளுக்கு இருபது நிமிடம், நான்கு வாரப் பொறுமை. இவ்வளவு போதும். கத்தோலிக்கப் பங்குகளில் பெரும்பாலும் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பும், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் பரிசுத்த வேதாகமம் என்ற பழைய மொழிபெயர்ப்பும் புழக்கத்தில் இருக்கின்றன. முன்னதில் தொடக்க நூல், திருப்பாடல்கள், இனிமைமிகு பாடல் என்று இருப்பவை பின்னதில் ஆதியாகமம், சங்கீதம், உன்னதப்பாட்டு என்று இருக்கும். அதிகார எண்ணும் வசன எண்ணும் இங்கே நான் சொல்லும் பகுதிகளில் மாறாதவை என்பதால், எது கையில் இருக்கிறதோ அதையே திறக்கலாம். நான் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து மேற்கோள் காட்டுகிறேன்.

முதல் படி: ஏலம் விடுகிறவர்களைப் பட்டியலிடுங்கள்

என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் சுமந்து விற்றவர். விடிவதற்கு முன்பே நடக்கும் ஏலத்துக்குச் சிறுமியாக அவருடன் போயிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களில் வஞ்சிரத்தின் விலை ஏறும்; படகுகள் நிறையக் கரைக்கு வரும் நாளில் அதே வஞ்சிரம் இறங்கும்; வாங்க வந்தவர்கள் குறைவாக இருந்தால் இன்னும் இறங்கும். மீன் அதே மீன்தான். சுற்றி நிற்கிறவர்களின் குரல்தான் மாறிக்கொண்டிருக்கும்.

நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் தோற்றத்துக்கு இதுவரை விலை சொன்ன குரல்களை எழுதுங்கள். பள்ளியில் வைத்த பட்டப்பெயர், கல்யாண வீட்டில் ஒரு சித்தி சொன்னது, வேலைக்குப் போன இடத்தில் "முன்னாடி நிக்க வேற பொண்ணு இருக்கு" என்றது, கைப்பேசியில் யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியது என எல்லாவற்றையும், சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். விளக்கமோ பதிலோ இப்போது வேண்டாம்.

என் பக்கத்தில் ஒன்பது வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்று, வரன் பார்க்கப் புகைப்படம் எடுக்கப் போன ஸ்டூடியோவில் கேட்டது. படம் எடுத்தவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பவேயில்லை. என் அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் கலர் ஏத்திடலாம்மா, அப்பதான் எடுபடும்" என்றார். அம்மா தலையசைத்தார். படத்தில் என் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறியிருந்தது. கழுத்துக்குக் கீழே கை மட்டும் என்னுடையதாக இருந்தது.

இரண்டாம் படி: "சாயல்" என்ற சொல்லைச் சரியாகப் படியுங்கள்

ஆதியாகமம் 1:27-ஐத் திறங்கள். "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார், அவனைத் தேவசாயலாகவே சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்." தமிழ் வாசகர்கள் பலர் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள். நம் வீடுகளில் சாயல் என்றால் முகஜாடை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்ததும் காத்திருக்கும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பது, இரண்டாவது, "யார் சாயல்?" என்பது. இந்தப் பொருளை அப்படியே வசனத்தில் வைத்து வாசித்தால், கடவுளுக்கு ஒரு முகம் இருப்பதுபோலவும், சிலர் அதற்கு அருகிலும் சிலர் தூரத்திலும் இருப்பதுபோலவும் ஆகிவிடும். வேதம் சொல்ல வந்ததற்கு இது நேர் எதிரானது.

பழங்கால மேற்கு ஆசியாவில் அரசனைத்தான் தெய்வத்தின் சாயல் என்று அழைத்தார்கள். அரசன் தெய்வத்தின் சார்பில் ஆள்கிறவன், ஆகவே அவனுக்கு அந்தப் பெயர். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை அரண்மனையிலிருந்து எடுத்து, ஆண், பெண் என்று பிறந்த எல்லார்மேலும் வைத்துவிடுகிறது. சாயல் என்பது இங்கே ஒரு பதவி, ஒரு பொறுப்பு, ஓர் உறவு. உயரம், நிறம், எடை, பல்வரிசை எதுவும் அந்தப் பதவிக்குத் தகுதியாகக் கேட்கப்படவில்லை. நோட்டின் இரண்டாம் பக்கத்தில் அந்த வசனத்தை எழுதி, "மனுஷனை" என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, உங்களுக்குச் சற்றும் பிடிக்காத ஒருவரின் பெயரையும் அதே இடத்தில் எழுதுங்கள். இரண்டாவது கடினமாக இருக்கும். இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்தப் படி முடிந்ததாகாது.

மூன்றாம் படி: 1 சாமுவேல் 16-ஐ அரைகுறையாக வாசிக்காதீர்கள்

"மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற 7-ஆம் வசனம் காலண்டரிலும் ஆட்டோவின் பின்பக்கத்திலும் நாம் பார்த்ததுதான். இந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். இஸ்ரவேலின் அடுத்த ராஜாவை அபிஷேகம்பண்ண வந்து, ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தைக் கண்டதும் "இவன்தான்" என்று முடிவுகட்டியவர் சாமுவேல். சிறுவயதிலிருந்து கர்த்தரின் குரலைக் கேட்டு வளர்ந்த தீர்க்கதரிசியே தோற்றத்தைக் கண்டு ஏமாந்தார் என்றால், உங்கள் சித்தி ஏமாந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஏழு மகன்கள் கடந்துபோகிறார்கள்; எட்டாமவன் தாவீது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன், வரிசைக்கே அழைக்கப்படாதவன்.

ஆனால் 12-ஆம் வசனம்வரை வாசித்தால் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. அந்தத் தாவீது சிவந்த மேனியும் அழகிய கண்களும் உள்ளவன் என்று அதே அதிகாரம் சொல்கிறது. புதிதாக வாசிக்கிற பெண்பிள்ளைகள் இங்கே நிறுத்தி, "பாத்தீங்களா அக்கா, கடைசில செவப்பா இருக்கவன்தான்" என்று சிரிப்பார்கள். "சிவந்த" என்பது தமிழில் வரன் விளம்பரச் சொல்லாகிவிட்டதால் வந்த வினை இது. எபிரெயத்தில் இங்கே உள்ள சொல், ஆதியாகமம் 25:25-இல் உடல் முழுவதும் ரோமத்தோடு பிறந்த ஏசாவைக் குறிக்கும் அதே சொல். செந்நிறம் என்று பொருள்படும், நம் ஊர் "சிவப்பு" அல்ல. அதோடு, வேதம் அழகைக் கண்டால் அழகு என்று சொல்லத் தயங்குவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அழகு பாவமல்ல. தாவீது தெரிந்துகொள்ளப்பட்டதற்கு அது காரணமாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் விஷயம்.

நான்காம் படி: லேயாளோடு ஒரு வாரம் இருங்கள்

ஆதியாகமம் 29, 30 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு வாசியுங்கள். என் அனுபவத்தில் இந்த வழிகாட்டியின் இருதயம் இந்தப் படிதான். மற்ற எதையும் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

அக்காள் லேயாளுக்குக் கூச்சப்பார்வை; தங்கை ராகேல் ரூபவதி, பார்வைக்கு அழகுள்ளவள். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருடம் வேலை செய்கிறான். கல்யாண இரவில் தகப்பன் லாபான் ஆளை மாற்றி லேயாளை அனுப்பிவிடுகிறான். காலையில் யாக்கோபு அவளைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று வேதம் விவரிக்கவில்லை. அவன் லாபானிடம் போய்ச் சண்டைபோட்டான் என்பதை மட்டும் சொல்கிறது. லேயாளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அவள் பேசுவது பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போதுதான். அந்தப் பெயர்களை உங்கள் நோட்டில் வரிசையாக எழுதுங்கள். மூத்தவன் ரூபன்: "இப்பொழுது என் புருஷன் என்னை நேசிப்பார்." அடுத்தவன் சிமியோன்: தான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்கிறாள். மூன்றாமவன் லேவி: இனியாவது புருஷன் தன்னோடு சேர்ந்திருப்பார் என்கிறாள். மூன்று பிள்ளைகளின் பெயரிலும் கணவனின் கண்ணே இருக்கிறது. நான்காவது மகனுக்கு யூதா என்று பெயரிடும்போது அவள் சொல்வது, "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்." இதில் புருஷன் இல்லை. அவன் நேசிக்கத் தொடங்கிவிட்டதாக எங்கும் சொல்லப்படவில்லை. அவள் முகமும் மாறவில்லை. அவள் பார்க்கும் திசை மாறியது.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். நீங்கள் அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். 30:20-இல், ஆறாவது மகன் செபுலோன் பிறந்தபோது, "இப்பொழுது என் புருஷன் என்னுடனே வாசம்பண்ணுவார்" என்று லேயாள் பழைய ஏக்கத்துக்கே திரும்பிவிடுகிறாள். எனக்கு இந்த வசனம் மிகவும் ஆறுதலானது. ஒருமுறை தெளிந்தவள் மறுபடியும் கலங்கினாள். அதனால் அவள் தள்ளப்படவில்லை. யூதாவின் வம்சத்தில் தாவீதும், அந்த வழியில் இயேசுவும் வந்தார்கள். லேவியின் வம்சத்தில் ஆசாரியர்கள் வந்தார்கள். ஆகையால், இரண்டு வாரம் நன்றாகப் போய், மூன்றாம் வாரம் ஒரு கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் உங்களைப் பார்த்துவிட்டு அழுதீர்களானால், விசுவாசம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். செபுலோன் பிறந்த வாரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு தொடருங்கள்.

ஐந்தாம் படி: "கறுப்பாயிருந்தாலும்" என்ற இடத்தில் நில்லுங்கள்

உன்னதப்பாட்டு 1:5-இல் ஒரு பெண் பாடுகிறாள்: "எருசலேமின் குமாரத்திகளே! கேதாரின் கூடாரங்களைப்போலவும் சாலொமோனின் திரைகளைப்போலவும் நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்." இந்த "இருந்தாலும்" நமக்கு நன்கு பழக்கமான சொல். கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா என்று பாராட்டாகவே சொல்வார்கள். கேட்பவளுக்குப் பாராட்டில் எது குத்துகிறது என்று உடனே பிடிபடாது. எபிரெய மூலத்தில் இந்த இடத்தில் இருப்பது ஒற்றை எழுத்தாலான ஓர் இணைப்புச் சொல். அதை "ஆனால்" என்றும் படிக்கலாம், "உம்" என்றும் படிக்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "உம்" என்று எடுத்துக்கொண்டது. இலத்தீன் மொழிபெயர்ப்பு "ஆனால்" என்று எடுத்துக்கொண்டது. ஆகவே, "நான் கறுப்பும் அழகுமாயிருக்கிறேன்" என்று வாசிப்பதற்கு மூலம் முழு இடம் தருகிறது. இரண்டு விதமாகவும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எந்த வாசிப்பில் உங்கள் குரல் இறங்குகிறது, எதில் நிமிர்கிறது என்பது உங்களுக்கே கேட்கும்.

அடுத்த வசனத்தில் அவள் காரணம் சொல்கிறாள்: "வெய்யில் என்மேற்பட்டது." தாயின் பிள்ளைகள் கோபம்கொண்டு அவளைத் திராட்சத்தோட்டத்துக்குக் காவல் வைத்தார்கள், அவள் நிறம் உழைப்பின் நிறம். என் அம்மா என்னைப் பார்த்து, "வெயில்ல நிக்காதடி, கறுத்துப் போயிடுவ" என்று வாழ்நாள் முழுவதும் சொன்னார். சொன்னது எம்.சி. ரோட்டு ஓரத்தில், உச்சி வெயிலில், மீன் கூடைக்குப் பின்னால் குந்தியிருந்தபடி. இந்த வசனத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "அட, இவளும் வெயில்ல நின்னவதானா" என்று மட்டும் கேட்டார்.

இதே வாரத்தில் ஏசாயா 53:2-ஐயும் வாசியுங்கள். கிறிஸ்துவைக் குறித்ததாகத் திருச்சபை வாசித்துவரும் அந்தப் பகுதி, "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்று சொல்கிறது. வீட்டுச் சுவரில் பொன்னிறக் கூந்தலோடு மாட்டியிருக்கும் படத்தையும் இந்த வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் ஓவியர் வரைந்தது. உடலில் தழும்பு உள்ளவர்கள், தீக்காயம் பட்டவர்கள், அறுவைசிகிச்சை நடந்தவர்கள், யோவான் 20:27-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். உயிர்த்தெழுந்த பிறகும் இயேசு தம் காயங்களை மறைக்கவில்லை. இந்த நகரத்துக்கு வந்தார் என்று மரபு சொல்லும் தோமாவிடம் அவற்றைத் தொட்டுப் பார்க்கவே சொன்னார்.

ஆறாம் படி: ஜெபிக்கும் முறை

சங்கீதம் 139:13, 14 இரண்டும் போதும். "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்." முதல் சில நாட்களில் இதைச் சொல்லும்போது பொய் சொல்வதுபோல இருக்கும். அப்படியானால் அதையே ஜெபமாகச் சொல்லிவிடுங்கள்: "ஆண்டவரே, இதை என்னால் நம்ப முடியவில்லை." சங்கீதப் புத்தகத்தில் முறையீடுகள் ஏராளம், முறையிடுவதால் யாரும் குறைந்துபோவதில்லை. கண்ணாடி முன் நின்று ஜெபிக்கச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடியை எதிர்க்கும் நேரமும் கண்ணாடி முன் கழிக்கும் நேரம்தான். ஒற்றை அறை வீட்டில் தனிமை கிடைக்காதவர்கள் மொட்டைமாடியிலோ, பேருந்தின் ஜன்னலோரத்திலோ சொல்லிக்கொள்ளலாம்.

மிக மோசமான நாளுக்கென்று ஒரு வசனத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 10:29-இல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள் என்று விலை வருகிறது. லூக்கா 12:6-இல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது, கொசுறு. கறிவேப்பிலைபோல மேலே போட்டுக் கொடுத்தது. அதற்கென்று விலையே கிடையாது. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று அந்த வசனம் முடிகிறது. சந்தையில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கவுரை தேவைப்படாது.

ஏழாம் படி: சபையை எடைபோடுங்கள், உங்களையல்ல

இந்த வாசிப்பைத் தனியாகவே நெடுநாள் தொடர முடியாது. கூட வாசிப்பவர்கள் வேண்டும். எந்தக் கூட்டத்தில் சேர்வது என்று தெரியாதவர்கள் புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபத்தில் (இவர் லேயாளின் கணவன் யாக்கோபு அல்ல) 2:2, 3 வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமை கவனித்துப் பாருங்கள். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவரிடம், "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்", கந்தை உடுத்த தரித்திரனிடம், "நீ அங்கே நில்லு." கிரேக்க மூலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே "நீ"தான். மொழிபெயர்த்தவர்கள் தமிழில் ஒருவருக்கு நீரும் இன்னொருவருக்கு நீயும் போட்டபோது, நம் சமூகத்தை நன்றாக அறிந்துதான் போட்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவர் யாரை "வாங்க" என்கிறார், யாரை "வா, அப்படி ஓரமா உக்காரு" என்கிறார் என்று பாருங்கள். யாக்கோபு கண்டித்தது இதைத்தான்.

பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்துக்குப் பிப்ரவரி 11 திருவிழாவையொட்டிப் போகிறவர்கள் இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ளலாம். 1858-இல் பிரான்சின் லூர்து நகரில் காட்சி கண்ட பெர்னதெத் 14 வயதுச் சிறுமி. ஆஸ்துமா நோயாளி, வளர்ச்சி குன்றியவள், குடும்பத்தோடு முன்பு சிறையாக இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தவள். ஊரில் எல்லாரும் அவளை ஒருமையில் அழைத்தார்கள். காட்சியில் வந்த பெண்மணி, பதினைந்து நாள் இங்கே வருவீர்களா என்று மரியாதைப் பன்மையில் கேட்டதை அவள் வியந்து நினைவுகூர்ந்தாள். ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைப் பார்ப்பதுபோல அவர் தன்னைப் பார்த்தார் என்றும் சொன்னாள். காட்சிகளை ஏற்காத சபையைச் சேர்ந்தவர்களும் இந்த "நீங்கள்" என்ற விவரத்தைக் கேட்டுக்கொள்வதில் தடையில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். 1 பேதுரு 3:3, 4-ஐக் காட்டி, வந்த முதல் மாதமே தோட்டைக் கழற்று, வெள்ளைப் புடவை கட்டு என்று சொல்லும் இடங்கள் உண்டு. மனம் ஒப்பி ஒருவர் எளிமையை ஏற்றால் அது அழகான தீர்மானம். வெறும் காதையும் வெள்ளைப் புடவையையும் பார்த்து ஒருவரின் பரிசுத்தத்தை அளக்கத் தொடங்கினால், நகை இல்லாமலேயே பழைய ஏலம் மறுபடியும் நடக்கிறது. மற்றொன்று, வெண்புள்ளியோ போலியோ பாதித்த காலோ உள்ளவரிடம், விசுவாசம் போதாததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், யோவான் 9:3-ஐக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல."

எட்டாம் படி: வீட்டில் வாயைக் காப்பது

குண்டு, நெட்டை, சொட்டை, கறுப்பி, பல்லி என்று நம் தெருக்களில் பாசத்தோடுதான் கூப்பிடுகிறோம் என்பது உண்மை. பாசத்தோடு கூப்பிடப்பட்டவர் முப்பது வருடம் கழித்து என்னிடம் வந்து அந்தப் பெயரை நோட்டின் முதல் வரியாக எழுதுகிறார் என்பதும் உண்மை. நான்கு வாரம், வீட்டில் யாரையும் உடலை வைத்துக் கூப்பிடாமல் இருந்து பாருங்கள். பிள்ளைகள் குளித்து வந்ததும் "வெள்ளையாயிட்டியே" என்று கொஞ்சுவதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

பெண் பார்க்கும் நாள் தனி விவகாரம். புகைப்படத்தில் நிறத்தை ஏற்றவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறத்துக்கென்று கூடுதலாக நகை கேட்கிறவர்களிடம், பேச்சைத் தொடர்வதில்லை என்று உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லட்டும். பெண்ணையே சொல்ல வைக்காதீர்கள். சபைப் பெரியவர்கள் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை இது.

உடலைப் பேணுவது குறித்து

தோற்றம் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்றால் உடலைக் கவனிக்கத் தேவையில்லை என்று பொருளாகாது. 1 கொரிந்தியர் 6:19 சரீரத்தைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறது. ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பதுபோல உடலையும் கவனிக்கலாம். தலைவாரிப் பூ வைப்பதற்கும், நல்ல புடவை கட்டுவதற்கும், நடைப்பயிற்சி செய்வதற்கும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சிவப்பழகு களிம்புகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவெடித்து, வெயில் பட்டாலே எரியும் நிலைக்குப் போகும். ஏற்கெனவே பூசிவருபவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்திவிட்டுப் பயந்துபோகாமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சென்று காட்டுங்கள்.

தோற்றத்தை நினைத்துச் சாப்பாட்டை ஒதுக்குவது, வெளியே போகவே மறுப்பது, மணிக்கணக்கில் கண்ணாடியை விட்டு நகராமல் இருப்பது, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுவது ஆகியவை இருந்தால் வேத வாசிப்போடு மனநல மருத்துவரும் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஜெபம் செய்கிறவர் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

நான்காம் வாரத்தின் கடைசி நாளில் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைச் சொன்னவர் பெயரை எழுதி, அந்தப் பெயரை வைத்து ஒரு நிமிடம் ஜெபியுங்கள். அடிக்க முடிகிற வரியை அடித்துவிடுங்கள். முடியாததை அப்படியே விட்டுத் தேதி மட்டும் போட்டு, அடுத்த மாதம் மறுபடியும் பாருங்கள். என் நோட்டில் ஒன்பதில் எட்டு வரிகளை அடித்தாயிற்று. ஸ்டூடியோ வரிக்கு எதிரே மட்டும் ஏழு தேதிகள் இருக்கின்றன.